முப்பத்தேழில் ஒற்றைத் தட்டு

என் பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு மாதேஸ்வரனுடைய பிக்கப்பை வாங்கியபோது, ஊரில் எல்லாரும் பூபதி கெட்டிக்காரன் என்றார்கள். நானும் அதை நம்பினேன். என் ஜீப் பதினேழு வருடம் ஓடியது. காலுக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக ரோடு தெரியும். அவனுடைய பிக்கப்புக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை. வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாம், மேலே ஒரு பைசா வேண்டாம் என்றான். இப்படி ஒரு ஏமாளி என் வாசலைத் தேடி வந்திருக்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

எனக்கு வண்டி வேண்டியிருந்தது உண்மை. காரவள்ளி அடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தமாக வெள்ளாமைக் காடு நாலு ஏக்கர். அது போக, கொல்லிமலை மேலே திருப்புலி நாட்டுப் பக்கம் போய்க் குச்சிக்கிழங்கு வாங்கிவந்து கீழே ஜவ்வரிசி மில்லில் போடுவேன். பலாக் காலத்தில் பலாப்பழம். ஜீப்பில் ஆறு மூட்டைக்கு மேல் ஏற்றினால் வளைவில் முக்கும். அந்த மலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடியில் ஒன்று, உச்சியில் எழுபது என்று ஒவ்வொரு வளைவிலும் கல்லில் எழுதியிருக்கும்.

மாதேஸ்வரன் ராசிபுரம் பக்கத்து ஆள். ஒல்லியாக, மூன்று நாள் தாடியோடு வந்தான். ஜீப்பின் என்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடது பக்கத் தகரக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான், திறந்தான், மறுபடியும் சாத்தினான்.

"ஏனுங்ணா, எத்தன பேரு உக்காரலாங்க?"

"முன்னால மூணு, பின்னால எட்டு. அமுக்கி ஏத்துனா பன்னெண்டு."

"எல்லாரும் உள்ளயேதானுங்களே?"

"பின்ன, கூரை மேலயா?"

அவன் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒன்று சொன்னான். "ஒத்தத் தட்டு கேட்டா நிறுத்திருங்ணா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இவன் பாடம் நடத்துகிறான். லோடு வண்டியில் பின்னால் ஏறுகிறவர்கள் கேபின் தகரத்தைத் தட்டித்தான் டிரைவரிடம் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. மலையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். "தெரியுங்க, தெரியுங்க" என்று அவனை அனுப்பிவைத்தேன்.

என் மனைவி நாகலட்சுமிக்குப் பிக்கப் பிடிக்கவில்லை. ஜீப்பில் இடது சீட்டு அவளுடையது. வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். அதை அடக்க, கல்லில் இருக்கும் எண்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வருவாள். பதினேழு வருடமாக அந்த எண்ணிக்கை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிக்கப்பைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல பின்னால ஏறுனவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாதுங்களே" என்றாள்.

"உன்ற மூஞ்சியப் பதினேழு வருசம் பாத்தது பத்தாதா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

முதல் லோடு இறக்கும்போது நான் மட்டும்தான் வண்டியில் இருந்தேன். பின்னால் முப்பது மூட்டைக் கிழங்கு. முப்பத்தேழாவது வளைவில் திரும்புகிறேன், என் தலைக்குப் பின்னால் கேபின் தகரத்தில் 'டப்' என்று ஒரு தட்டு. உள்ளங்கையை விரித்துத் தட்டுகிற தட்டு. கால் தானாக பிரேக்குக்குப் போனது. சோளக்காட்டுச் சந்தையில் எவனோ கேட்காமல் ஏறிக்கொண்டான் என்று நினைத்து, திட்டுவதற்கு வாயைத் தயார் செய்துகொண்டு இறங்கினேன். பின்னால் மூட்டைகள்தான் இருந்தன. வளைவில் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் உடைந்து ஆறடிக்கு வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் கீழே வெறும் மூடுபனி.

இரண்டாவது தடவையும் அதே வளைவு, அதே தட்டு. மூன்றாவது தடவையும். ஏறும்போது சத்தமே இல்லை, இறங்கும்போது மட்டும்தான். தகரம் தளர்ந்திருக்கும் என்று பட்டறையில் போல்ட் எல்லாம் முறுக்கினேன். நாலாவது தடவையும் தட்டு விழுந்தது. எனக்குப் பயம் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "தட்டு, உன்ற கை வலிக்கிற வரைக்கும் தட்டு" என்று கத்திவிட்டு நிறுத்தாமல் வந்தேன். அதற்குப் பிறகு முப்பத்தேழில் நான் நிறுத்துவதே இல்லை. நாகலட்சுமியிடமும் சொல்லவில்லை. சொன்னால், வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்பாள். கெட்டிக்காரன் பட்டம் போய்விடும்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆனி மாதம். அன்றைக்குப் பலாப்பழம் ஏற்ற மேலே போயிருந்தோம். பழத்தை விரலால் சுண்டிப் பார்த்துப் பொறுக்குவதில் நாகலட்சுமியை அடிக்க ஆள் கிடையாது. அதனால் அவளும் வந்திருந்தாள். காலை ஒன்பது மணிக்கு எண்பது பழம் ஏற்றி முடித்துக் கிளம்புகிற நேரத்தில், துணை சுகாதார நிலைய நர்ஸ் ஜாஸ்மின் ஓடிவந்தது. திருச்சிப் பக்கத்துப் பெண். மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, பெருமாயிக்கு ராத்திரியிலேருந்து வலி. குழந்தை திரும்பல. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். பஸ்ஸு பதினொரு மணிக்குத்தான்."

கேபினில் என்னைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். பெருமாயியைத் தாங்கி ஜாஸ்மின் ஏற்றியது. நாகலட்சுமி யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். "பாத்து ஓட்டுங்க" என்று மட்டும் குரல் வந்தது. கேபினின் பின் கண்ணாடியை மறைத்துப் பழங்கள் குவிந்து கிடந்தன.

ஐம்பதுக்குக் கீழே மூடுபனி வண்டிக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, எதிரே பதில் வருகிறதா என்று கேட்டுத்தான் திரும்ப முடிந்தது. பெருமாயி பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, "சீக்கிரம்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

முப்பத்தேழு. டப். ஒரு தட்டு.

எப்போதும் போல விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் நாகலட்சுமி இருக்கிறாளே என்று ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். அவள் பழங்களைத் தாண்டி இறங்குகிற அசைவு தெரிந்தது. வாந்தி வந்திருக்கும். வண்டி சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாயி வீறிட்டு ஒரு சத்தம் போட்டாள். "அண்ணே!" என்றது ஜாஸ்மின்.

டப், டப். இரண்டு தட்டு. நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

வண்டி நகர்ந்ததுமே ஒரு தட்டு விழுந்தது. முப்பத்தாறில் ஒன்று. முப்பத்தைந்தில் ஒன்று. பிறகு வளைவுக்கு வளைவு ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது. முதலில் மெதுவாக இருந்தது, அப்புறம் தகரம் அதிர்கிற அளவுக்கு ஆனது. "பின்னாடி அக்கா தட்றாங்கண்ணே" என்றது ஜாஸ்மின். "தட்டட்டும். இங்க ஒரு உசிரு போய்ட்டிருக்குது. ஓரமா எட்டி வாந்தி எடுக்கச் சொல்லு" என்று கத்தினேன். நாகலட்சுமியோ, அந்தப் பழைய தட்டோ, யாராயிருந்தாலும் நிறுத்துவதாக இல்லை. எட்டாவது வளைவில் தட்டு நின்றுபோனது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரவள்ளி செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, "இப்ப எறங்கி வாயக் கழுவிக்க" என்றேன். பதில் இல்லை. பின்னால் போனேன். அவளுடைய செருப்பு இருந்தது. வயர் கூடை இருந்தது. கேபின் தகரத்தை ஒட்டி இரண்டு பெரிய பலாப்பழங்கள் சாய்ந்து நின்றன. அவள் இறங்கும்போது குவியல் சரிந்திருக்கிறது. வண்டி சரிவில் நின்றதால் பழங்கள் முன்னால் உருண்டு வந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தகரத்தில் மோதியிருக்கின்றன. எனக்குப் போ என்று சொன்னது இரண்டு பலாப்பழம்.

பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் டீக்கடைப் பக்கத்திலிருந்து மாதேஸ்வரன் வந்தான். என் பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு அவன் தினமும் அங்கே நின்று வாடகை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மலை ஏறச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பான். காலியாகக் கிடந்த இடத்தையும் பழங்களையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"யாருங்ணா?"

"என்ற சம்சாரம்."

"முப்பத்தேழுலயா? ரெண்டு தட்டா?"

தலையை ஆட்டினேன். அவன் அப்படியே ரோட்டில் குந்திவிட்டான்.

"என்ற சம்சாரம் அத்தாயிக்கும் இதேதாங்க. ரெண்டு வருசமாச்சு. சிந்தின பழத்த எடுக்கோணும்னு ஒரு தட்டுத் தட்டி எறங்குனா. பழம் உருண்டு ரெண்டு தட்டு உழுந்துது. நான் எடுத்துட்டனுங்க. வண்டி போகுதேன்னு பனிக்குள்ள பின்னால ஓடியாந்திருக்கறா. சொவரு ஒடஞ்ச எடம் அவளுக்குத் தெரியல."

முப்பத்தேழில் ஒரு பெண் விழுந்துபோனது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எந்த வண்டி என்றுதான் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எறங்கற வழியெல்லாம் ஒத்தத் தட்டு கேட்டுச்சு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நாகலட்சுமின்னு நெனச்சேன். அவதான் வண்டியிலயே இல்லியே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அது அத்தாயிங்க. நிறுத்துங்க, ஆள உட்டுட்டு வந்துட்டீங்கன்னு சொல்லியிருக்கறா. எனக்கும் தட்டுவா. தாங்க முடியாமத்தான் வண்டிய மாத்துனேன்."

ஜாஸ்மின் கேபினிலிருந்து கூப்பிட்டது. மாதேஸ்வரன் எழுந்தான். பெருமாயியைக் கைத்தாங்கலாக ஜீப்புக்கு மாற்றினோம். "நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. நீங்க மேல போங்க. சுருக்காப் போங்க" என்றான்.

மேலே போகிற அந்த முக்கால் மணி நேரத்தை நான் விவரிக்க மாட்டேன். எண்களை நானே வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எண்ணுகிறபோது எரிச்சலாக இருந்த எண்கள். இருபதுக்கு மேல் என் வாயில் எண் வரவில்லை, அவள் பெயர்தான் வந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு தட்டாவது விழாதா என்று இருந்தது.

முப்பத்தேழில் பனி கொஞ்சமும் விலகவில்லை. வண்டியைக் குறுக்கே நிறுத்தி இறங்கினேன். நேராகச் சுவர் உடைந்த இடத்துக்குத்தான் கால் போனது. குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை. "நாகலட்சுமி" என்று கூப்பிட்டேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது.

"இங்கதானுங்க இருக்கறேன். என்னத்துக்கு இப்படிக் கத்தறீங்க?"

எதிர்ப்பக்கம் பாறை ஓரமாக, எண் எழுதிய கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாந்தி எடுக்கத்தான் எறங்குனனுங்க. நீங்க எடுத்ததும் பின்னாலயே ஓடியாந்தனுங்க" என்றாள். "கண்ணு தெரியல. முன்னால தட்டுற சத்தம் கேட்டுது. சரி, இனி நிறுத்திருவீங்கன்னு நின்னுட்டேன். நின்னு கீழ பாத்தா, காலுக்கு முன்னால ரோடு இல்லீங்க. இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா..." முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்தப் பொம்பள யாருங்க?" என்றாள்.

"எந்தப் பொம்பள?"

"பின்னால நின்னுட்டிருந்தாங்களே. நான் எறங்கறப்ப யாருமில்ல. வண்டி போறப்பப் பாத்தா பழத்து மேல நின்னுட்டு, என்னைப் பாத்துட்டே கேபினத் தட்டறாங்க. பச்சைச் சேலை. அவ்வளவு தட்டியும் நீங்க நிறுத்தலையே, ஏனுங்க?"

பிக்கப்பின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பழங்களுக்கு மேல் பனி மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தது.

நாகலட்சுமியைக் கேபினில் ஏற்றினேன். கதவை நானே சாத்தினேன். பிறகு பின்னால் போய், யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "கீழ போலாம் தாயி. நல்லாப் புடிச்சுக்க" என்றேன். கேட்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள், சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எழுபது வளைவு மலையில் அதைவிட மெதுவாக எவனும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். நாகலட்சுமி எண்களைக் கீழ்முகமாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் காரவள்ளியில் காத்திருந்தோம். ஒரு மணிக்கு மேல் ஜீப் வந்தது. "பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்குது" என்றபடியே மாதேஸ்வரன் இறங்கினான். நாகலட்சுமியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் பச்சைச் சேலையைப் பற்றிச் சொன்னாள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பிக்கப்பின் பின்பலகையை அவனே இறக்கினான். பட்டப்பகல், டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவன் யாரையும் சட்டை செய்யவில்லை.

"அத்தாயி, எறங்கு சாமி. மெதுவா எறங்கு. நான் பாத்துட்டேதான் நிக்கறேன். ஊட்டுக்குப் போலாம்."

பலாப்பழம் ஒன்று, யாரோ காலால் ஒதுக்கியது போல லேசாக நகர்ந்தது. அவ்வளவுதான். அவன் பிக்கப்பையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்து ஜீப்புக்குப் போனான். இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பெண் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்காருகிற நேரம் வரைக்கும் நின்றான். கதவை மெதுவாகச் சாத்தி, கொக்கி மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு சுற்றிவந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாகலட்சுமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டப், டப்.

இடது கதவுத் தகரத்திலிருந்து வந்தது. பதினேழு வருடம் நான் ஓட்டிய ஜீப், அந்தத் தகரத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா? அவன் ஒருமுறை இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு பிக்கப்பில் அந்தத் தட்டு விழுந்ததே இல்லை. கேபினில் வேறு ஆள் இருந்து நாகலட்சுமி பின்னால் ஏற நேர்ந்தால், இரண்டு தட்டுக்கெல்லாம் நான் வண்டியை எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பின்னால் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அவளும் விடுவதில்லை.

"பதினேழு வருசம் பாத்தது பத்தாதுங்களா?" என்பாள்.

பத்தவில்லை.